மதுக் குடுவை அல்ல

அந்தக் கண்ணாடிப் பாத்திரத்தை மேசை ஓரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி வையுங்கள், ஐயா. தேநீரை எடுக்கும்போதெல்லாம் உங்கள் முழங்கை அதை உரசுகிறது. எத்தனையோ வீடுகளில் உடையாமல் பிழைத்து வந்த பொருள் காவல் நிலையத்தில் உடைந்தால் எனக்குப் பொறுக்காது.

நீங்கள் வழக்கை மூடவே போய்விட்டீர்கள். என் தம்பி குடித்துச் செத்த 'பழைய மதுக் குடுவையில்' ஏதோ ரசாயனம் ஒட்டியிருந்தது, தெரியாமல் நடந்த விபத்து என்று எழுதிவிட்டீர்கள். என்மேல் யாருக்கும் சந்தேகமில்லை. நானாகத்தான் வந்தேன். அந்த ஒரு வரியிலேயே இரண்டு தவறு. அது மதுக் குடுவை இல்லை. அதில் ஒன்றும் ஒட்டியிருக்கவும் இல்லை, நானே கழுவித் துடைத்தேன். என் கை பட்ட கண்ணாடியில் அழுக்கு என்று இதுவரை எவனும் சொன்னதில்லை.

தூக்கி அடியைப் பாருங்கள். பயப்படாதீர்கள், இப்போது உள்ளே ஒன்றுமில்லை. மூன்று குட்டிக் கால்கள், நடுவில் பெரிய ஓட்டை. ஓட்டையின் விளிம்பு உள்பக்கமாக மேலே மடிந்து, சுற்றிலும் வாய்க்கால் மாதிரி நிற்கிறது. அந்த வாய்க்காலில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றி, மேலே மூடி போட்டு, சாப்பாட்டு மேசையில் வைப்பார்கள். ஈ அடியில் நுழையும். வெளிச்சத்தைப் பார்த்து மேலேயே பறக்கும். வந்த வழி கீழே இருப்பது அதற்குக் கடைசிவரை புரியாது. களைத்துப்போய்த் தண்ணீரில் விழும். இது ஈப்பொறி. பணக்கார வீட்டு ஈப்பொறி என்பதால் உடம்பெல்லாம் பூவேலை, அவ்வளவுதான். போலியும் இல்லை. கால்களின் அடியில் கீறல்கள் நாலாபக்கமும் ஓடுகின்றன. உப்புத்தாளால் தேய்த்துப் பழசாக்கியிருந்தால் ஒரே பக்கமாக ஓடும்.

இதைத்தான் தம்பியிடமும் சொன்னேன். பழங்கண்ணாடிக் கடை எங்கள் இருவருக்கும் பொது. பொருளைப் பார்ப்பது நான், பேசுவது அவன்.

"அக்கா, இது மதுக் குடுவை. பார்த்தாலே தெரியலையா?"

"அடியில ஓட்டை இருக்கேடா. நாலு வாய்க்கு மேல ஊத்தினா கீழ கொட்டிடும்."

"உசந்த சரக்குன்னா நாலு வாய் போதும்கா."

கடையில் இருந்த வியாபாரிகள் எல்லோரும் சிரித்தார்கள். பழம்பொருள் கண்காட்சியில் அதன் கீழே எங்கள் கடைப் பெயரோடு 'மதுக் குடுவை' என்று அட்டை வைத்தான். எனக்கும் ஒரு பெயர் வைத்தான், ஈயக்கா. அதற்குப் பிறகு நான் போகிற இடமெல்லாம் அதே பெயர்தான். என்னைக் கண்டால் கையை வீசி ஈ ஓட்டிக் காட்டினார்கள். ஆயுசு முழுக்கக் கண்ணாடி பார்த்தவள் கையில் யாரும் ஒரு கிண்ணத்தைக்கூடக் கொடுப்பதில்லை, எல்லாம் அவனிடமே போயின. வயிறு எரிந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். பிழைத்தானா, சொல்லுங்கள்.

போன வாரம் அந்த வியாபாரிகளை எல்லாம் வீட்டுக்கு விருந்துக்குக் கூப்பிட்டான். "அக்கா, நீ கண்டிப்பா வரணும். அந்தக் கண்ணாடியையும் கொண்டு வா, அதுலயே ஊத்தி வைப்போம்" என்று போன் செய்தான். எதுக்குடா என்றால் சிரித்தான். மறுபடியும் என்னை வைத்து வேடிக்கை காட்டப் போகிறான் என்று நினைத்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

பழைய வீடுகளைக் காலி செய்யும்போது எங்களுக்கு மருந்துப் புட்டிகளும் வந்து சேரும். ஒன்றில் அந்தக் காலத்து ஈ விஷம் மிச்சமிருந்தது. அவன் வீட்டுச் சமையலறையில் அதை வாய்க்காலில் போட்டு, மேலே அவன் வாங்கி வைத்திருந்த மதுவை ஊற்றினேன். எதற்காகச் செய்யப்பட்டதோ அதற்காகவே ஒரு பொருளைப் பயன்படுத்தினேன். வேறென்ன தப்பு?

மற்றவர்கள் குடித்திருந்தால் என்கிறீர்கள். அதையும் யோசிக்காமல் இல்லை. நாலு வாய்தான் பிடிக்கும் என்று முதலிலேயே சொன்னேனே. முதல் வாய் எப்போதும் அவனுக்கு. மீதி யாருக்குப் போயிருந்தாலும் அவர்களும் சிரித்தவர்கள்தான். அவன் பொண்டாட்டி ஒரு மடக்கு குடித்துவிட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். அவளிடம் எனக்குப் பகை இல்லை. பாவம், அவள் சிரித்ததே இல்லை.

அவன் எழுந்து நின்று, "இது எங்க அக்காவுக்காக" என்று சொல்லிக் கிண்ணத்தில் ஊற்றிக் குடித்துவிட்டு, மீதியைப் பொண்டாட்டியிடம் நீட்டினான். அடுத்த வார்த்தை பேச வாயெடுத்தவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

சற்றுமுன் உங்களுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. தம்பி பொண்டாட்டிக்கு நினைவு திரும்பிவிட்டதாம், அவள்தான் சொன்னாளாம். வெளியூர் நிபுணர் ஒருவரிடம் படத்தைக் காட்டி, நான் சொன்னதே சரி என்று தம்பி தெரிந்துகொண்டானாம். "தப்பு என்னோடது, அக்கா சொன்ன மாதிரி ஈப்பொறிதான்" என்று எல்லோர் முன்னாலும் சொல்வதற்காகவே அந்த விருந்தாம்.

அதைச் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்க்கிறீர்கள். அழுவேன் என்று காத்திருக்கிறீர்களா? நான் சொன்னது சரி என்று ஆகிவிட்டது, நான் எதற்கு அழ வேண்டும்? விஷம் வைத்தது நான்தான். 'மதுக் குடுவை' என்பதை அடித்துவிட்டு 'ஈப்பொறி' என்று எழுதிக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

சின்ன வயசிலிருந்தே அவன் அவசரக்காரன். முதலில் அதைச் சொல்லிவிட்டுக் குடித்திருக்கலாம். நானும் என் காதால் கேட்டிருப்பேன்.