மர்சலின் டீச்சர் போட்ட கோடு

தலைமை ஏற்றிருக்கும் பங்குத் தந்தை நோயல் அவர்களே, மேடையில் நெருக்கி உட்கார்ந்து எனக்கும் இடம் விட்ட பெரியோர்களே, அடுப்படி வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்திருக்கும் கால்வாய்க்கரைத் தெருத் தாய்மார்களே, மின்விசிறிக்கு நேர்கீழே இடம் பார்த்து அமர்ந்துவிட்ட என் மந்தைவெளி அடுக்ககத்து அண்டை வீட்டாரே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

என் பெயர் சண்முகசுந்தரம். எங்கள் அடுக்ககச் சங்கத்தின் மாத இதழில் நகைச்சுவைப் பக்கம் எழுதுகிறவன். நாற்பத்தெட்டு வீடுகளில் ஐந்து பேர் அதைப் படித்தார்கள். அந்த ஐவரில் ஒருவர் எங்கள் அடுக்ககத்தில் குடியிருந்தவரே இல்லை. சாந்தோமிலிருந்து பேருந்து ஏறி வந்து, சிவப்புப் பேனாவால் என் பிழைகளைச் சுழித்துக் கையில் கொடுத்துவிட்டுப் போவார். அவர்தான் நாம் இழந்து நிற்கும் ஆசிரியை மர்சலின் அவர்கள். முப்பத்தாறு ஆண்டுகள் பூகோளம் கற்பித்தவர். என் இன்றைய பேச்சைப் பார்த்திருந்தால் பாதியை அடித்திருப்பார். மீதிப் பாதியையும், தன்னைப் புகழ்கிறது என்பதற்காக விட்டுவைத்திருக்க மாட்டார்.

டீச்சரை நான் அறிந்த கதை எனக்குப் பெருமை சேர்ப்பதல்ல. ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

நான்காண்டுகளுக்கு முன் கால்வாய்க்கரை மேம்பாட்டுத் திட்டத்துக்கு முதல் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. கரையில் நடைபாதை, உணவகங்கள், வண்ண விளக்குகள் எல்லாம் வரும். அங்கே குடியிருக்கும் இருநூற்றுப் பத்துக் குடும்பங்கள் புறநகருக்குப் போகும். மண்டப வாசலில் ஒரு தாள் வைத்திருந்தார்கள். கையெழுத்துப் போட்டால் டோக்கன், டோக்கனைக் கொடுத்தால் சமோசாவும் டீயும். நான் போட்டேன். என் மனைவிக்கும் சேர்த்து நானே போட்டேன். சமோசா சூடாக இருந்தது. உள்ளே என்ன பேசினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மூன்று மாதம் கழித்துத் திட்ட அலுவலகத்தின் அறிக்கை வந்தது. கடைசிப் பக்கத்தில் அதே தாள். மேலே ஒரு தலைப்பு: ‘திட்டத்தை வரவேற்ற பொதுமக்கள்.’ ஏழாம் எண் நான். எட்டாம் எண் என் மனைவி. அவள் அன்று தி.நகரில் புடவைக் கடையில் இருந்தாள்.

அந்த அறிக்கையைக் கையில் பிடித்துக்கொண்டுதான் டீச்சர் முதன்முதலாக என் வீட்டுக்கு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“சார், ஏழாம் நம்பர் நீங்கதானே?”

கூட்டத்துக்கு வந்ததற்குத்தான் கையெழுத்துப் போட்டேன் என்றேன்.

“நீங்க வந்ததுக்குப் போட்டீங்க. அவங்க சம்மதத்துக்கு எடுத்துக்கிட்டாங்க. கூட்டம் முடியறப்ப அந்தத் தாள்ல பதினோரு வரி காலியா இருந்துச்சு, நான் எண்ணினேன். இதுல காட்டுங்க பாக்கலாம், ஒரு காலி வரி.”

ஒன்றுகூட இல்லை. அந்த அறிக்கையைக் காட்டித்தான் வடக்கு முனையில் எண்பது வீடுகளை இடித்தார்கள். என் சமோசாவுக்கு எண்பது வீடுகள்! நகைச்சுவை எழுதுகிறவனுக்கு இதைவிடக் கேவலமான புகழ் கிடைக்குமா?

அடுத்த கூட்டத்திலிருந்து டீச்சர் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். பள்ளி வருகைப் பதிவேட்டை மூடுகிற அதே முறைதான். எல்லோரும் எழுந்து போகும்வரை காத்திருப்பார். பிறகு பையிலிருந்து ஸ்கேலை எடுத்து, கடைசிக் கையெழுத்துக்குக் கீழே மிச்சமிருக்கும் வெற்று வரிகள் அத்தனைக்கும் குறுக்காக, பிறகு யாரும் பெயர் நுழைக்க முடியாதபடி, ஒரு சிவப்புக் கோடு இழுப்பார். வந்தவர்கள் மொத்தம் எத்தனை பேர் என்று எண்ணாலும் எழுத்தாலும் எழுதிக் கையொப்பமிடுவார். அதை ஒரு படமும் எடுத்துக்கொள்வார். திட்ட அலுவலகத்துப் பொறியாளர் சாய்நாத் ஒருநாள் ஓடிவந்து தடுத்தார். இது அரசாங்கப் பதிவேடு, நீங்கள் கை வைக்கக் கூடாது என்றார்.

“பதிவேடுன்னா மூடணும் தம்பி. மூடாத பதிவேட்டை எங்க ஹெட்மிஸ்ட்ரஸ் கையால தொட மாட்டாங்க” என்றார் டீச்சர். அந்த மனிதர் ஒதுங்கி நின்றார். அவரும் பள்ளிக்கூடம் போனவர்தானே.

முதல் கூட்டத்துக்குப் பின் பத்துக் கூட்டங்கள். பத்துக் கோடுகள். கூட்டத்தைத் தொலைவில் வைத்தார்கள், டீச்சர் போனார். மழையில் வைத்தார்கள், டீச்சர் போனார். கையில் நடுக்கம் வந்த பிறகும் போனார். கோடு கோணலாக விழுந்தது, ஆனாலும் விழுந்தது. அந்தக் கோணல் கோடுகள்தான் மீதி நூற்றுமுப்பது வீடுகளையும் நான்காண்டுகள் நிற்க வைத்தன.

கரைத்தெரு ஜானகியைப் பேச வைத்தவரும் அவர்தான். ஜானகி ராஜா அண்ணாமலைபுரத்தில் மூன்று வீடுகளில் சமைக்கிறவர். அதோ, தூணருகே நிற்கிறார். நானூறு பேருக்கு வேலை தருவோம் என்று ஒரு கூட்டத்தில் படம் போட்டுக் காட்டினார்கள். டீச்சர் மைக்கை வாங்கி ஜானகி கையில் திணித்தார். ஜானகி கேட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

“வேலை எங்கிட்ட கீது சார். அதுக்குப் பக்கத்துல கீற வூட்டத்தான் நீங்க எடுக்கறீங்க. விடியக்காலம் ரெண்டு பஸ் மாறி வந்து நான் எவங்க வூட்ல இட்லி ஊத்தறது?”

நகர வளர்ச்சியைப் பற்றி நான் கேட்ட உரைகளில் இதற்கு மேல் ஒன்று உண்டா? எனக்குத் தெரிந்து இல்லை.

அன்பர்களே, இனி நான் சொல்லப்போவதற்கு உங்களைச் சிரிக்க வைக்க எனக்குத் தெரியவில்லை.

டீச்சர் ஆறாம் தேதி காலமானார். எட்டாம் தேதி அடக்கம் செய்தோம். ஒன்பதாம் தேதி பன்னிரண்டாவது கூட்டம். நாம் யாரும் போகவில்லை. துக்கம் என்று சொல்லிக்கொண்டோம். நான் அன்று மத்தியானம் மூன்று மணிவரை தூங்கினேன். கரைத்தெரு ஆட்டோக்காரர் கதிரேசன் மட்டும் போனார். வந்தவர்கள் முப்பத்தெட்டுப் பேர் என்று எண்ணிக்கொண்டு திரும்பினார். கோடு போட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

நேற்று அலுவலகப் பலகையில் அந்தப் பதிவேட்டின் நகலை ஒட்டினார்கள். நூற்று இருபத்தொரு கையெழுத்து. எல்லோரும் சம்மதம். தந்தை அவர்களே, அறுபதாம் எண் நீங்கள். அந்த நேரத்தில் நீங்கள் பூசை வைத்துக்கொண்டிருந்தீர்கள். ஐம்பத்திரண்டாம் எண் நான், தூக்கத்தில். முப்பத்தொன்பதாம் எண் மர்சலின் டீச்சர்.

முகவரி சரியாக இருக்கிறது. கையெழுத்து அழகாக, ஒரு நடுக்கமும் இல்லாமல் இருக்கிறது.

கதிரேசன் அந்த நகலைப் போனில் படமெடுத்து வந்து ஜானகியிடம் காட்டினார். ஜானகி கேட்டார்: “செத்தவங்க கையெழுத்தே போதும்னா, உசுரோட கீற நாம இன்னாத்துக்கு சார் இவங்களுக்கு?”

 உங்களில் யாருக்காவது பதில் தெரியுமா?

திங்கட்கிழமை கரைத்தெருக் கதவுகளில் மஞ்சள் வண்ணத்தில் எண் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஜானகியின் கதவு தொண்ணூற்று நான்கு. வடக்கு முனையில் எண் எழுதியதற்கும் இயந்திரம் வந்ததற்கும் இடையில் ஒன்பது நாட்கள்தான் இருந்தன. இறுதிக் கூட்டம் வியாழக்கிழமை, இங்கே பக்கத்துப் பள்ளியில் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். இன்று மத்தியானம் புது அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். கூட்டம் நாளைக் காலை எட்டு மணிக்கு, தரமணியில். எட்டு மணிக்கு ஜானகியும் இந்தத் தாய்மார்களும் எங்கே இருப்பார்கள் என்பது நமக்கே தெரியும். நம் வீட்டு அடுப்படியில்தான்.

ஆகவே நான் கேட்பது இதுதான். நாளை ஒருநாள் மந்தைவெளியும் ராஜா அண்ணாமலைபுரமும் தங்கள் இட்லியைத் தாங்களே ஊற்றிக்கொள்ளட்டும். ஆறரை மணிக்குக் கோயில் வாசலில் கதிரேசனும் அவர் தோழர்களும் ஆட்டோக்களோடு நிற்பார்கள். டீச்சரின் இறப்புச் சான்றிதழை நான் எடுத்து வருகிறேன். அதை முப்பத்தொன்பதாம் எண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, இவர் எப்படி வந்தார் என்று கேட்போம். கூட்டம் முடிந்ததும் யாரும் நகரக் கூடாது. வெற்று வரிகள் மூடப்படும்வரை அங்கேயே நிற்போம். டீச்சர் தனியாகச் செய்ததை நாம் இத்தனை பேர் சேர்ந்து செய்வோம் என்று, எழுந்து நின்று, அவருக்கு வாக்குக் கொடுங்கள்.

நன்றி. எழுந்தவர்கள் உட்காரலாம். நாளை வர முடியாதவர்கள் வருத்தப்பட வேண்டாம். உங்கள் கையெழுத்து எப்படியும் அங்கே வந்துவிடும்.