இரண்டாம் வரிசை, இடப்பக்கம்

பழைய கார்களைப் பற்றி இதுவரை எழுதப்பட்டவற்றில் முழுக்க நேர்மையான ஒரே கட்டுரை என்னுடையதுதான். தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. நான்காயிரம் பேர் படித்திருக்கிறார்கள், ஒருவர்கூட மறுக்கவில்லை. கார்ப் பைத்தியங்கள் கூடும் ஓர் இணையதளத்தில், 'எட்டு வயது எஸ்யூவியும் எங்கள் குடும்பமும்' என்ற தலைப்பில் வந்தது. விட்டுப்போன சிலவற்றை இப்போது சேர்க்கிறேன்.

வண்டி நல்ல வண்டி. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம். ஏழு பேர் உட்காரலாம். மூன்றாவது வரிசையில் மட்டும் முழங்கால் மூக்கைத் தொடும், மனஸ்தாபம் உள்ள சொந்தக்காரர்களை அங்கே உட்கார வைக்கலாம். ஏசி போட்டால் முதல் ஐந்து நிமிடம் கிராம்பு வாசனை வரும். முந்தைய சொந்தக்காரர் பல் டாக்டர்.

அப்பாவுக்குப் புதுசாக ஒரு சின்னக் கார் வாங்கத்தான் ஆசை. "அடுத்தவன் ஓட்டித் தேய்ச்சதை நாம எதுக்குடா தலையில கட்டிக்கணும்?" என்றார். நான் ஒரு மாதம் வாதாடினேன். நூற்று நாற்பது அம்சங்களைச் சோதிக்க ஒரு பட்டியல் தயாரித்து, டாக்டர் வீட்டு ஷெட்டில் அரை நாள் தரையில் புரண்டேன். ஏழு சீட் பெல்ட்டுகளையும் மாட்டி, வெடுக்கென்று இழுத்துப் பார்ப்பது பட்டியலில் நூற்றுப் பதினாறாவது. ஆறு முடிந்திருந்தது. ஏழாவதின் முறை வந்தபோது டாக்டர் டீ கொண்டுவந்தார். நான் டிக் போட்டுவிட்டு டீயை வாங்கிக்கொண்டேன்.

அந்த டாக்டரைக் கட்டுரையில் கொஞ்சம் கிண்டல் செய்திருந்தேன். இந்த வண்டியில், ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் பீப் பீப் என்று கத்தும். மருந்துப் பெட்டியைச் சீட்டில் வைத்தாலும் ஆள் என்று நினைத்துக் கத்தும். அதற்கு டாக்டர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். பெல்ட்டே இல்லாத வெறும் உலோகத் தகடு ஒன்றை வாங்கி, பெல்ட்டை மாட்டும் பூட்டில் செருகிவிடுவார். வண்டி சமாதானமாகிவிடும். முன்பக்க டப்பாவில் அந்தத் தகடு கிடந்தது. 'மனிதர்களை ஏமாற்றுபவர்களைப் பார்த்திருக்கிறேன், சொந்தக் காரையே ஏமாற்றியவரை இப்போதுதான் பார்க்கிறேன்' என்று எழுதினேன். அந்த வரிக்கு மட்டும் முந்நூறு பேர் சிரித்திருந்தார்கள்.

கட்டுரை வந்த மூன்றாம் நாள், 'கிழட்டு கியர்' என்ற பெயரில் ஒருவர் கேட்டார்: 'தம்பி, இந்த வருஷத்து வண்டிகளில் இரண்டாம் வரிசை இடப்பக்கப் பூட்டு பிடிக்காது என்று புகார் உண்டு. பார்த்தீர்களா?'

'ஏழையும் இழுத்துப் பார்த்தேன் சார். எட்டாவது இருந்தால் அதையும் பார்த்திருப்பேன்' என்று பதில் போட்டேன். பிறகு கீழே போய் இழுத்துப் பார்த்தேன்.

மாட்டும்போது டிக் என்று சத்தம் வந்தது. எச்சரிக்கை விளக்கும் அணைந்தது. வெடுக்கென்று இழுத்தேன். பெல்ட் கையோடு வந்துவிட்டது.

நான் பொறுப்பில்லாதவன் இல்லை. அன்றே புதுப் பூட்டுக்கு ஆர்டர் கொடுத்தேன். பன்னிரண்டாம் நாள் வந்தது. ஒரே ஒரு போல்ட், பத்து நிமிட வேலை. ஆனால் அப்பா அதற்குள் என் கட்டுரையை அச்செடுத்து ஆபீஸ் முழுக்கக் கொடுத்திருந்தார். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், "ஒரு ஆணியைக்கூட விடாம பார்த்துட்டான் என் பையன்" என்பார். அவர் கண்முன்னால் ஸ்பேனரோடு போய் நிற்க முடியுமா? அவர் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து மாட்டலாம் என்று பூட்டை என் அலமாரியில் வைத்தேன். வீட்டில் மூன்று பேர்தான், அந்த இருக்கையில் யாரும் உட்காருவதில்லை. யோசித்துப் பார்த்தால் இதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை.

இருபத்தாறு நாள் அலமாரியில் இருந்தது.

இருபத்தேழாம் நாள் அக்கா வந்தாள். அத்தானோடும் பட்டாணியோடும் இரண்டு நாள் எங்கேயோ போவதாகத் திட்டம். பட்டாணி என்பது அக்கா மகள், ஆறு வயது. வாய் ஓயாது. கொட்டாவி விடும்போதுகூடப் பேச்சை நிறுத்தமாட்டாள்.

சாவியைக் கொடுத்தேன். "வண்டி எல்லாம் சரியா இருக்குல்லடா?" என்றாள் அக்கா.

"என் கட்டுரையைப் படிச்சியா இல்லையா?"

"அதை எதுக்குடா படிக்கணும்? எழுதினவனைத்தான் எனக்குத் தெரியுமே."

அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். இடப்பக்கம் வேண்டாம் என்று இரண்டே வார்த்தை. அப்பா பக்கத்தில் நின்று டயரைத் தட்டிக்கொண்டிருந்தார். பட்டாணி எப்போதும் வலப்பக்கம்தான் உட்காருவாள் என்பதும் எனக்குத் தெரியும். அன்று வலப்பக்கம் வெயில் அடித்தது. அது எனக்குத் தெரியாது.

அக்கா ஓட்டிக்கொண்டிருந்தபோது முன்னால் போன லாரி பிரேக் போட்டது. பெரிய வேகம் ஒன்றும் இல்லை. அக்காவுக்கும் அத்தானுக்கும் ஒரு கீறல்கூட இல்லை. முன்பக்கம் நசுங்கியது, அவ்வளவுதான். பட்டாணி மட்டும் முன்சீட்டின் முதுகில் போய் மோதினாள். தாடை இரண்டு இடத்தில் உடைந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர், "பெல்ட் போட்டிருந்தீங்களா குழந்தைக்கு?" என்று கேட்டார்.

"நான்தான் போட்டேன். சத்தம் கேட்டுச்சு டாக்டர். போடலேன்னா வண்டியே கத்துமே" என்றாள் அக்கா.

அத்தான் மருந்துச் சீட்டை வாங்கினார். நான் அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனேன்.

மறுநாள் மத்தியானம் இன்சூரன்ஸ் சர்வேயர் வருவதாக இருந்தது. காலையில் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். வீட்டு வண்டி, யாரும் எதுவும் கேட்கவில்லை. பழைய பூட்டைக் கழற்றிப் புதியதை மாட்டினேன். சரியாகப் பத்து நிமிடம். வேலை முடிந்தபிறகுதான் அக்கா சொன்னது நினைவுக்கு வந்தது. போடவில்லை என்றால் வண்டி கத்தியிருக்கும். அவள் சொன்னது சரிதான். பூட்டும் நன்றாக இருந்து, வண்டியும் கத்தவில்லை என்றால், குழந்தை எப்படிப் போய் மோதினாள் என்று கணக்கு உதைக்கும்.

முன்பக்க டப்பாவைத் திறந்து பல் டாக்டரின் தகட்டை எடுத்தேன். இடப்பக்கப் பூட்டில் செருகினேன்.

சர்வேயர் அனுபவசாலி. இரண்டே நிமிடத்தில் கண்டுபிடித்தார். "இதைச் சொருகி வெச்சா வண்டி சத்தம் போடாது பாருங்க. படிச்சவங்களே இப்படிப் பண்ணா என்ன சொல்றது?" என்று அத்தானிடம் காட்டினார். தகட்டை எடுத்து முன்பக்க டப்பாவில் போட்டுவிட்டு, பெல்ட்டை மாட்டி இழுத்துப் பார்த்தார். மலை மாதிரி பிடித்தது.

"அதை என் வாழ்க்கையிலேயே நான் பார்த்ததில்லை" என்றாள் அக்கா. அத்தான் அவளைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை.

அதன்பிறகு அவள் வண்டி ஓட்டுவதில்லை. அடுப்பை மூன்று தடவை அணைக்கிறாள், கதவைப் பூட்டிவிட்டு அத்தானைக் கூப்பிட்டு இழுத்துப் பார்க்கச் சொல்கிறாள். பட்டாணி ஏழு வாரம் உறிஞ்சுகுழலில் குடித்தாள். இப்போது தாடை சேர்ந்துவிட்டது. ஆனால் ஒரு கேள்விக்கு ஒரு வார்த்தைதான் சொல்கிறாள்.

வண்டி ரிப்பேராகி வந்ததும் அக்கா ஒருநாள் தனியாக வந்தாள். இரண்டாம் வரிசை இடப்பக்கம் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினாள். கழற்றினாள், மறுபடி மாட்டினாள்.

"இது டக்னு சத்தம் போடுதுடா. அன்னிக்கு நான் கேட்டது இது இல்ல. அது டிக்னு சின்னதா..."

இத்தனை பேரில் அவளுடைய காது ஒன்றுதான் சரியாக இருந்தது.

"பதட்டத்துல காதுல என்னென்னவோ கேக்கும் அக்கா" என்றேன்.

பெல்ட்டை இன்னொரு தடவை மாட்டிக் கழற்றினாள். "ஆமாண்டா. நான்தான் போட்டிருக்க மாட்டேன்" என்று இறங்கிப் போனாள்.

பழைய பூட்டை நான் தூக்கிப் போடவில்லை. என் நேர்மைக்கு அது ஒன்றே சாட்சி. காலேஜ் பையின் அடியில், பழைய துண்டில் சுற்றி வைத்திருக்கிறேன். அக்கா வீட்டுக்குப் போய் அவள் கையில் கொடுத்துவிடுவது என்பதுதான் முடிவு. ஐந்து மாதமாகத் தினமும் பையோடுதான் கிளம்புகிறேன். அவள் தெருமுனை வரை நான்கு முறை போயிருக்கிறேன். இன்று ஐந்தாவது முறை. அதற்கு முன்னோட்டமாகத்தான், வண்டியிலேயே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அக்கா நான் எழுதுவதைப் படிப்பதில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

கிளம்பும்போது பையை வழக்கம்போல இரண்டாம் வரிசை இடப்பக்கம் வைத்தேன். இன்று புத்தகங்களும் சேர்ந்து நல்ல கனம். எங்கள் தெருமுனை தாண்டுவதற்குள் வண்டி ஆள் இருப்பதாக நினைத்துக் கத்த ஆரம்பித்தது. யோசிக்க முடியாத அளவுக்குச் சத்தம். ஓரமாக நிறுத்தி, முன்பக்க டப்பாவைத் திறந்து தகட்டை எடுத்து, பின்னால் எட்டிச் செருகினேன்.

டக் என்றது. வண்டி நம்பிவிட்டது.