செல்வநாயகியின் பெயர் எழுதிய வாசல்

பிள்ளையார் சந்நிதியிலே பெருமையோடு வீற்றிருக்கும் தலைவர் ஆழ்வாப்பிள்ளை அவர்களே! நாளைய வெள்ளோட்டத்துக்குப் புதுத் தேரைப் பொருத்தி முடித்த தம்பிஐயா ஆசாரியார் அவர்களே! அடியார்களே! இந்த வெயிலிலும் எழும்பிப் போகாத தாய்மாரே! தளர்ந்துபோன தியாகராசாவின் தலைதாழ்ந்த வணக்கம்.

நோட்டீஸிலே என்னை விண்வெளி விஞ்ஞானி என்று அச்சடித்திருக்கிறீர்கள். நானா விஞ்ஞானி? அமெரிக்காவிலே, ரொக்கெட்டுகளைப் பொருத்தும் அந்த மாபெரும் மண்டபத்திலே, இருபத்திரண்டு வருடம் கதவுக்குக் கிறீஸ் பூசியவன் நான்! கை தட்டாதேங்கோ பிள்ளையள், பெருமைக்குச் சொல்லேல்லை.

அது கட்டடமா? காற்றையும் கடலையும் கண்டு கலங்காத கற்கோட்டை! அதன் கதவு எவ்வளவு உயரம்? ஆறு பனையை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தலாம்! திறந்து முடிய முக்கால் மணித்தியாலம். ஏன் அந்த உயரம்? நிமிர்த்திப் பொருத்தியதை நிமிர்ந்தபடியே வெளியே கொண்டுவர வேண்டும். அதற்காகத்தான் வாசல். வேறு எதற்காகவும் அல்ல.

அந்தக் கதவிலே உபயகாரர் பெயர் இல்லை, ஐயா.

எங்கள் தேர்க் கொட்டகைக்கு வருவோம். போன வருடம் என் மனைவி செல்வநாயகி கண்ணை மூடினாள். அவள் நினைவாக இந்தக் கொட்டகையைக் கட்டித்தர நான் ஒப்புக்கொண்டேன். மேசன் பிரகாஸ் தொலைபேசியிலே கேட்டான்: "அண்ணை, பேரை எவ்வளவு உயரத்திலை எழுதிறது?" நான் என்ன சொன்னேன்? "றோட்டாலை போறவை பஸ்ஸுக்குள்ளை இருந்தே வாசிக்கவேணும். வாசலுக்கு மேலை பேர் எழுதுற பட்டியைக் கீழை பதிச்சுக் கட்டு" என்றேன். "வாசல் உயரம் குறைஞ்சு பதிஞ்சுபோம் அண்ணை" என்றான். "சொன்னதைச் செய்யடா" என்றேன்.

யார் சொன்னது? கதவோடு காலம் கழித்தவன் சொன்னது! கதவின் உயரத்தை நாள்தோறும் அண்ணாந்து பார்த்தவன் சொன்னது!

இன்று காலை ஆசாரியார் என்னைத் தனியே கூட்டிக்கொண்டு போனார். "கொட்டகைக்குள்ளை பொருத்தின தேர் வெளியிலை வராது அண்ணை. பட்டியிலை மூண்டடி இடிக்குது. தலைவருக்குத் தெரியும். உங்கடை மனம் நோகுமெண்டு ஒருத்தரும் கதைக்கேல்லை" என்றார்.

"என்ன தம்பி சொல்லுறாய்? கலசத்தை மட்டும் கழட்டினால் காணுமோ?" என்றேன். "காணாது. அதுக்குக் கீழை இருக்கிற கூடாரத்தையும் கழட்டவேணும்" என்றார். கழற்றிய தேருக்கு வெள்ளோட்டமா? மொட்டைத் தேரிலே பிள்ளையாரை ஏற்றுவதா? அதை என் செல்வநாயகி பார்த்திருந்தால் என்னோடு ஒரு மாதம் பேசியிருக்க மாட்டாள்.

நான் களைத்துவிட்டேன், மக்களே. அவள் போனபிறகு எந்த வேலையிலும் மனம் ஒட்டவில்லை. அவள் பெயரை எங்கேயாவது பெரிதாக எழுதிவிட்டால் நித்திரை வரும் என்று நினைத்தேன். எழுதினேன். வந்ததா? வரவில்லை. வந்ததெல்லாம் ஒரு தேரை மறித்து நிற்கும் சுவர்!

தலைவர் அவர்களே, தலையை ஆட்டாதேங்கோ. இது கோபமில்லை. பட்டியை உடையுங்கள்! பெயரோடு சேர்த்து உடையுங்கள்! திரும்ப எழுதவும் வேண்டாம்.

பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும் தாய்மார்க்கும் நன்றி கூறி, நாளை தேர்வடம் பிடிக்கும் கைகளுக்கெல்லாம் வணக்கம் செலுத்தி அமர்கிறேன். இல்லை, அமரவில்லை. பிரகாஸ், சுத்தியலைக் கொண்டு வா. "செ" எழுத்திலை முதல் அடி நான்தான் அடிக்கவேணும்.