ஒரு தட்டு, நிறுத்து

உச்சிவேளை. மணி பன்னிரண்டு தாண்டியிருக்கும். நெமிலிச்சேரியிலிருந்து பூந்தமல்லிப் பக்கம் வருகிற வெளிவட்டச் சாலை... அதன் ஓரத்து சர்வீஸ் ரோடு. ஒரு நாய்கூட இல்லை.

பகலா என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். பேய்க்கு நைட் ஷிப்ட் மட்டும்தான் என்று எந்த அம்பத்தூர் கம்பெனியில் எழுதிப் போட்டிருக்கிறார்கள்? உச்சி வெயிலில் குழந்தையைத் தனியாக வெளியே விடாத வீடுகள்தானே நம் வீடுகள். ராத்திரி என்பது சொல்வதற்கு. நடப்பதற்கு அந்த வெயிலே போதும். கரண்ட் வருகிற வரைக்கும் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். சொல்கிறவனுக்கும் நடுவில் ஓர் இடம் விடுங்கள். ஓரத்தில் உட்கார்ந்து பேய்க் கதை சொல்லும் தைரியமெல்லாம் அவனுக்குக் கிடையாது.

இது ஜமீருக்கு நடந்தது. நம்ம ஆசிமின் அக்கா லத்தீஃபாவைக் கட்டியவன். சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி. பட்டாபிராமில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு நாற்காலி இறக்கிவிட்டு, காலி வண்டியோடு திரும்பிக்கொண்டிருந்தான்.

டப்.

பின்னால், இடது மூலையில், தகரத்தின் மேல் ஓர் உள்ளங்கை.

லோடு வண்டியில் ஒரு சட்டம் உண்டு. பின்னால் இருக்கிற ஆள் ஒரு தட்டு தட்டினால் நிறுத்து. இரண்டு தட்டினால் போ. பஸ் விசில் மாதிரிதான். ஜமீரின் கால் அவனைக் கேட்காமலே பிரேக்கை மிதித்துவிட்டது. அப்புறம்தான் மூளை வந்து சேர்ந்தது... பின்னால் யாரையும் ஏற்றவில்லையே.

இறங்கிப் பார்த்தான். யாரும் இல்லை. வாசனை மட்டும். மணலில் வறுத்த வேர்க்கடலை, அப்போதுதான் இறக்கியதுபோல. சுற்றிலும் வெறும் பொட்டல்.

வண்டியின் இடது பின்பக்கம் நாலு விரல் இறங்கியிருந்தது. மூலையில் யாரோ உட்கார்ந்திருந்தால் இறங்குமே... அப்படி.

வேர்க்கடலை தின்றுகொண்டு, அந்த மூலையில் காலைத் தொங்கப்போட்டு உட்காருகிற ஒரே ஓர் ஆளைத்தான் ஜமீருக்குத் தெரியும். பச்சையப்பன். ஜமீரின் உயிர்ச் சினேகிதன் தேவா வண்டியில் லோடுமேன். போன வருஷம் இதே இடத்தில், ஓடுகிற வண்டியிலிருந்து விழுந்து செத்தான். “தூங்கி வியுந்துட்டான்டா. ரெண்டு தட்டு கேட்டுச்சு, அதான் போய்க்கினே இருந்தேன்” என்று தேவா அழுதபோது தோள் கொடுத்தவன் ஜமீர்தான்.

இந்தக் கதையைச் சொல்கிறவனாக இருந்தால் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஊருக்குள் ஓடியிருப்பான். ஜமீர் ஓடவில்லை. “எறங்கறதுன்னா எறங்கிக்கோண்ணே” என்று காலி வண்டியைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

அடுத்த நடையிலும் டப். அடுத்த நடையிலும் நிறுத்தினான். வண்டியின் முன்னால் 786, கீழே எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டிய கயிறு... இரண்டு பக்கத்துக் காவலாலும் எந்தப் பிரயோஜனமும் இல்லை. பேய் என்று வீட்டில் சொல்ல வெட்கம். பட்டை வீக்காயிடுச்சு என்று லத்தீஃபாவிடம் சொல்லிவிட்டு, கரையான்சாவடியில் உஸ்மான் கனி பாயின் ஷெட்டுக்குப் போனான்.

பின் சக்கரத்துக்கு மேலே வில்லாக வளைத்து அடுக்கியிருக்கும் இரும்புப் பட்டைகள்தான் பாயின் பிழைப்பு. முதலில் டயரில் காற்றைப் பார்த்தார். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்கும் பாடிக்கும் நடுவே கையைவிட்டுப் பார்த்தார். வலப்பக்கம் முழுக் கை போனது. இடப்பக்கம் விரல்களோடு நின்றது. பட்டையின் நுனியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார். கடக்... கடக்...

“பட்டை மாட்டற புஷ்ஷு தேஞ்சி ஓட்டை கோயிமுட்டை மாதிரி கீது. பட்டை முதுகு செத்துப்போச்சி. வெறும் வண்டிக்கே ஆளு குந்தினாப்ல சாயுது. இன்னாத்த ஏத்தற, யானையா?”

“பிளாஸ்டிக் சேரு பாய்.”

“யாரு போட்ட பட்டை?”

“தேவா. புச்சு பாய். போன மாசம் புள்ள பொறந்தப்ப போட்டான்.”

அதைச் சொல்லும்போது இப்போதும் ஜமீரின் நெஞ்சு நிமிர்ந்தது. லத்தீஃபா பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் இருந்தபோது, தேவா தானாகவே வந்து சாவியை வாங்கிக்கொண்டு போனான். “எம் மருமவ வர்ற வண்டி குலுங்கக் கூடாது மச்சான்.” திரும்பி வந்தபோது வண்டிக்கு அடியில் பளபளவென்று கறுப்புப் பெயிண்ட். எலுமிச்சம்பழம் கட்டியதும் அவன்தான். ஜமீருக்குக் கண் கலங்கிவிட்டது. மச்சான் என்றால் தேவா மாதிரி இருக்கணும் என்று, சொந்த மச்சானான ஆசிமிடமே பலதடவை சொல்லிக்காட்டியிருக்கிறான்.

பாய் வண்டியை ஜாக்கியில் தூக்கி, போல்ட்டுகளைக் கழற்றி, பட்டைகளைக் கீழே இறக்கினார். டீசலில் துணியை முக்கித் துடைத்தார். கறுப்பு உரிந்தது.

அடியில் கிளிப்பச்சை.

ஜமீருக்கு அந்தப் பச்சை தெரியும். தேவா வீட்டுச் சுவருக்கு வாங்கி மிஞ்சிய பெயிண்ட். வீணாகக் கூடாதென்று தன் வண்டியின் அடிப்பாகம் முழுக்கப் பூசச் சொன்னான். மல்லாந்து படுத்துப் பூசியவன் ஜமீர். கண்ணில் சொட்டி, இரண்டு நாள் ஒற்றைக் கண்ணோடு திரிந்தான்.

இடப்பக்கத்து மெயின் பட்டையின் நடுவே ஒரு தழும்பு. வெல்டு.

“பட்டைக்கு எவனும் வெல்டு வெக்க மாட்டான்டா. எதிராளிக்குக்கூட. சூடு பட்டா முறுக்கு பூடும். எப்ப வேணா புட்டுக்கும்.” பாய் குரலைத் தாழ்த்தினார். “தேவா வண்டில இருந்த பட்டைடா இது. இந்த விரிசலை அவனாண்ட காட்டினதே நான்தான். பச்சையப்பன் சாவறதுக்கு முந்தி. மாத்துடான்னேன். முகூர்த்த சீசன் முடியட்டும் பாய்னான். அதுக்குள்ள புட்டுகினு பச்சையப்பன் வியுந்துட்டான்.”

ஜமீர் அந்தத் தழும்பைக் கட்டைவிரலால் தடவினான்.

“இதும் மேலதான் பாய்... எம் பொண்ணு ஊட்டுக்கு வந்தா.”

பாய் ஸ்பேனரை எடுத்தார். புதுப் பட்டை, புது புஷ், புது பின் எல்லாம் பூட்டி இறக்கினார். வண்டி இரண்டு பக்கமும் சமமாக நிமிர்ந்து நின்றது. பழைய பட்டைகளைக் காயலான் கடையில் போட ஜமீருக்கு மனசில்லை. அங்கேயிருந்து எவன் வண்டியில் ஏறுமோ. பின்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு நேராக மாங்காட்டுக்குப் போனான்.

தேவா வீட்டு கேட்டின் முன்னால் ஒவ்வொன்றாகப் போட்டான். கணங்... கணங்... சத்தம் கேட்டுத் தேவா வெளியே வந்தான். வழக்கம்போலக் காது மடலில் ஜவ்வாது. பச்சையைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

“ஏன்டா?” அவ்வளவுதான் ஜமீருக்கு வந்தது. வழியெல்லாம் பொறுக்கி வைத்திருந்த கெட்ட வார்த்தைகளில் ஒன்றுகூட வாயில் ஏறவில்லை.

“அவன் எறங்க மாட்றான் மச்சான். டெய்லி தட்றான். என்னால நிறுத்த முடியல... நிறுத்தினா மூஞ்சியப் பாக்கணும்ல? நீ நிறுத்துவேன்னு தெரியும். உனுக்கு எளகின மனசு. அதான் பட்டைய உன் வண்டில மாட்டினேன்.”

“அன்னிக்கி ரெண்டு தட்டு கேட்டுச்சின்னியே?”

தேவா தரையைப் பார்த்தான். “ஒண்ணு கேட்டுச்சி. கொஞ்ச தூரம் போயி... இன்னொண்ணு கேட்டுச்சி. நான் ரெண்டா சேத்துக்கினேன்.”

ஜமீர் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டான். அதற்கப்புறம் தேவாவிடமிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. எடுக்கவில்லை. வெளிவட்டச் சாலையில் தட்டும் இல்லை, கடலை வாசனையும் இல்லை. வண்டி நிமிர்ந்தே ஓடியது. சொன்னால் சிரிப்பீர்கள்... அந்த மூலை காலியாக இருப்பது அவனுக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

பிறகு ஒரு நாள். அதே உச்சி. அதே ரோடு. காலி வண்டி.

டப்.

கால் பிரேக்குக்குப் போனது. ஜமீர் மூச்சை இழுத்தான்.

கடலை இல்லை.

ஜவ்வாது.

கால் பிரேக்கின் மேலேயே நின்றது. அழுத்தவில்லை. கண்ணாடியைப் பார்க்கவில்லை. துணியில் சுற்றிய குழந்தையும், அதற்கு அடியில் அந்த வெல்டுத் தழும்பும்தான் அவன் கண்ணுக்குள் இருந்தன. கொஞ்ச தூரம் போயிருப்பான்...

டப்.

ஜமீர் இரண்டாகச் சேர்த்துக்கொண்டான். இரண்டு தட்டு என்றால் போ. போய்விட்டான்.

கரையான்சாவடி வந்து ஷெட்டின் முன்னால்தான் நிறுத்தினான். பாய் வெளியே வந்தவர், குனிந்து சக்கரத்தைப் பார்த்தார்.

“புச்சுப் பட்டைடா இது! அதுக்குள்ள ஏன் இந்தப் பக்கம் எறங்கிக் கீது? இன்னாத்த ஏத்திகினு வந்த?”

ஜமீரின் போன் அடித்தது. தேவாவின் மனைவி சொர்ணம்.

“அண்ணே, அவரு உங்களாண்ட ஒரு வார்த்த பேசணும்னு காலைலயே கெளம்பிப் போனாரு. பச்சையப்பன் வியுந்த எடத்துலயே நிக்கறேன்னாரு. அப்புறம் போனே எடுக்கல. யாரு தட்டினாலும் நீங்க நிறுத்துவீங்களாமே... அவர ஏத்திகினீங்களாண்ணே?”

ஜமீர் வண்டியின் இடது மூலையைப் பார்த்தான். ஆளில்லை. நாலு விரல்.

“ஏறிட்டாம்மா” என்றான்.