பிளக்கில் பொறி இல்லை

— இன்னொருக்க சாவியைத் திருப்புங்க எபிசன் அண்ணே. பிளக்கைப் பாடியில ஒட்டிப் பிடிச்சிருக்கேன், பொறி வருதான்னு பாப்பம்.

— எஞ்சின் சுத்துதுல்லா, பின்ன என்ன?

— சுத்துது. பொறிதான் ஒரு துளி இல்ல.

— சவம், எஞ்சினை மாத்தினா எல்லாம் சரியாவும்னு நீதானே சொன்ன சிஜின்?

— நல்ல எஞ்சின்தான், கேட்டியளா. நேத்து சாயங்காலம் இதே முத்தத்துல ஸ்டார்ட் ஆச்சே. காலையில வந்து பாத்தா செத்துக் கெடக்கு.

— காயில் போயிருக்கும்.

— காயிலுக்குக் கரண்டு வருது, பல்பு எரியுது பாருங்க. அது கெடக்கட்டும். உங்க பழைய எஞ்சினைப் பிரிச்சப்ப உள்ள முழுக்க ஆத்துச் சேறு. முத்தத்துல மழைத்தண்ணி ஏறிச்சுன்னியளே?

— மெதுவாப் பேசுலே, உள்ள பெமிலா இருக்கா, பெண்டாட்டி காதுல விழுந்தா நான் தீந்தேன். பிரேக்கு பிடிக்கல. குழித்துறைப் பக்கம் காரு ஆத்துக்குள்ள எறங்கிட்டு.

— பிரேக்கு நல்லாத்தான் இருக்கு அண்ணே.

— குடிச்சிருந்தேன். போதுமா? நான் ஒத்தைக்குத்தான் இருந்தேன், எனக்கும் ஒண்ணும் ஆவல. சும்மா நோண்டாத. நாளைக்குப் பிள்ளைய ரெண்டையும், அபிதாவையும் ஜினோவையும், கோட்டாறு கல்யாணத்துக்குக் கூட்டிட்டுப் போவணும்.

— இனி கேக்கல. டார்ச்சை இங்கோட்டுக் காட்டுங்க. கீழ ஒரு சென்சார் உண்டு. எஞ்சின் சுத்துதுன்னு அது சொன்னாத்தான் பொறி அடிக்கும்... ஐயோ.

— என்னலே?

— வயரு அறுந்து கெடக்கு.

— எலியாட்டு இருக்கும். ரப்பர் தோட்டத்துல இருந்து வருது சவங்க.

— எலிக்குக் கத்திரிக்கோல் பிடிக்கத் தெரியுமா? வெட்டு நேராட்டு இருக்கு, கேட்டியளா.

— எவன்லே இதைச் செஞ்சது? இந்த வயரு விஷயம் யாருக்குத் தெரியும்?

— அண்ணே... நேத்து மாட்டும்போ அபிதா பக்கத்துல வந்து நின்னா. எந்த வயரு இல்லேன்னா கார் ஓடாது மாமான்னு கேட்டா. படிக்குற பிள்ளை, ஆர்வத்துல கேக்கான்னு காட்டிக் குடுத்தேன்.

— ஏட்டி அபிதா! இஞ்ச வா!

— என்னப்பா?

— இந்த வயரை வெட்டுனது நீயா?

— ஆமா.

— கொழுப்பாட்டி உனக்கு? மாமா எவ்வளவு பாடுபட்டு மாட்டுனாவ தெரியுமா?

— மன்னிச்சிருங்க மாமா. உங்க மேல எனக்குக் கோவமில்ல.

— பின்ன யாரு மேல பிள்ள?

— அப்பா, நான் சொல்லட்டா?

— வேண்டாம் மக்கா. நீ உள்ள போ.

— ஆத்துல எறங்குனப்ப நானும் காருல இருந்தேன் மாமா. டியூஷன் முடிஞ்சு ஏறினவ பின் சீட்டுல உறங்கிட்டேன். முழிச்சுப் பாத்தா முட்டு வரைக்கும் தண்ணி. அப்பா கரையில நின்னாவ.

— அண்ணே! ஒத்தைக்கு இருந்தேன்னு சொன்னிய!

— நினைவில்லலே. இவ பின்னால கெடந்தது எனக்கு நினைவே இல்ல. நனைஞ்சு கரையேறி வந்தா பாரு, அப்பதான்... அண்ணையில இருந்து இவ மூஞ்சியப் பாக்க எனக்குக் கூசுது. அம்மைக்கிட்ட சொன்னியா மக்கா?

— இல்லப்பா. மழையில நனைஞ்சேன்னுதான் சொன்னேன். இனியும் சொல்ல மாட்டேன்.

— பின்ன ஏன் வயரை வெட்டின?

— நாளைக்குக் கல்யாண வீட்டுல குடிப்பியப்பா.

— குடிக்க மாட்டேன். சத்தியமா.

— தம்பியும் வருவாம்லா. அவனுக்குக் கண்ணாடியை எறக்கி வெளிய வரத் தெரியாதுப்பா.