கண்ணாடிக் கடை ரசீது

காபி வேண்டாம் சார். மதியத்துக்கு மேல் குடித்தால் எனக்குத் தூக்கம் கெட்டுவிடும். தண்ணீர் போதும்.

ஓஹையோவில் கதவு செய்யும் எங்கள் ஆலையில் பத்தொன்பது வருஷமாக மருத்துவச் சேமிப்பைப் பார்ப்பவள் நான். ஏற்பாடு எளிது. கண், பல், மருந்துக்கு அடுத்த வருஷம் இவ்வளவு வேண்டும் என்று தொழிலாளர்கள் நவம்பரிலேயே எழுதித் தர வேண்டும். வரி பிடிக்கும் முன்பே அது சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழியும். ஆனால் மொத்தத் தொகையும் ஜனவரி முதல் தேதியே, அதற்கென்று நாங்கள் தரும் கார்டில் வந்துவிடும். செலவழிக்காமல் விட்டால் கம்பெனிக்குப் போகும். முழுதும் செலவழித்துவிட்டு நடுவில் வேலையை விட்டால், நஷ்டமும் கம்பெனிக்குத்தான். சட்டம் அப்படி.

சட்டத்தில் உள்ள அந்த ஓட்டை யார் கண்ணில் படுகிறது என்று நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். அதனால் ஆலையில் எனக்கு, ஊர்ப் போலீஸ் அதிகாரி மாதிரி, 'ஷெரீப்' என்று பேர்.

டேரல் கெட்னர் பதினோரு வருஷம் ஒரு டாலர்கூட எழுதாதவர். போன நவம்பரில் உச்சத் தொகையை எழுதினார். கேன்டீனில் ஒரு பேச்சு காதில் விழுந்தது. இந்தியானாவில் மைத்துனன் லாரிப் பட்டறை போடுகிறான், பிப்ரவரியில் டேரல் அங்கே போய்விடுவார் என்று. எனக்குக் கணக்கு புரிந்துவிட்டது.

ஜனவரியில் கார்டைத் தேய்த்து மனைவிக்குக் கண்ணாடி வாங்கினார். ரசீது கேட்டுக் கடிதம் போட்டேன். வந்தது என்று நான் பதியாவிட்டால் கார்டு தானாக நின்றுவிடும். மறுநாளே கொண்டு வந்தார். கூடவே அவர் மனைவி ட்ரூடி செய்த கடலைவெண்ணெய் உருண்டை ஒரு டப்பா.

"இந்தாங்க ஷெரீப். ரசீதை எடுத்துக்கிட்டு ஆளை விட்டுடுங்க."

டப்பாவுக்கு நன்றி சொன்னேன். ரசீதை இழுப்பறையில் வைத்தேன். பதியவில்லை.

பிப்ரவரி தொடக்கத்தில் பல் டாக்டர் கிளினிக்கிலிருந்து டேரல் போன் செய்தார். "கார்டு வேலை செய்யலையாம் வெர்லீன். பணம் கட்டாம பல்லைத் தொட மாட்டாங்களாம். ரசீதை உங்க கையிலதானே குடுத்தேன்?"

"அதுல பேர் இல்ல டேரல். வேற வாங்கிட்டு வாங்க."

வாங்கி வந்தார். எழுத்து மங்கல் என்றேன். தாடை ஒரு பக்கம் வீங்கியிருந்தது. கன்னத்துக்குள் பஞ்சை அடக்கிக்கொண்டு நடிக்கிறாரோ என்று உற்றுப் பார்த்தேன்.

"என்ன பாக்கறீங்க? வீக்கத்துக்கும் ரசீது வேணுமா?" சிரிக்கப் பார்த்தார். வீக்கத்தில் வாய் திறக்க வரவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை ட்ரூடி போனில் கூப்பிட்டாள். "அவருக்குக் காய்ச்சல் கொதிக்குது. ஆஸ்பத்திரிக்குப் போலாம்னா, திங்கக்கிழமை கார்டு சரியாயிடும், பல் டாக்டரே போதும்ங்கறாரு. சரியாயிடுமா?"

"திங்கக்கிழமை பாக்கறேன்மா" என்றேன். சொன்னபடி பார்த்தேன். அதற்குள், ஞாயிற்றுக்கிழமையே, சீழ் கழுத்துக்குள் இறங்கி மூச்சை அடைத்துவிட்டிருந்தது.

இறுதிச் சடங்குக்கு நானும் போனேன். சர்ச் கூடத்தில் எல்லாரும் சாப்பிடும்போது, ஆலையில் சரக்கு வண்டி ஓட்டும் மெர்ல் என் எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"மைத்துனனும் இல்ல, பட்டறையும் இல்ல ஷெரீப். உங்களைச் சீண்டத்தான் கேன்டீன்ல உங்க காதுல விழற மாதிரி சொன்னோம். மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பாக்கலாம்னு டேரல்தான் சொல்லச் சொன்னாரு." தட்டைத் தள்ளி வைத்தான். "ரெண்டு வருஷமா அந்தப் பல்லோட கஷ்டப்பட்டவருங்க அவரு."

பாருங்கள் சார், ஏமாற்று வேலை ஒன்று நடந்துதான் இருக்கிறது.

இதோ அந்த முதல் ரசீது. பேர், தேதி, கண்ணாடி, எல்லாம் பளிச்சென்று இருக்கிறது. வாங்கிய அன்றே படித்துவிட்டேன். பதியாமல் வைத்தது நான்தான், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். பிப்ரவரியில் போய்விடுவார் என்றுதான் நான் சந்தேகப்பட்டேன். அவர் போன அந்த ஞாயிற்றுக்கிழமை, பிப்ரவரி பதினாறு.