டெண்டர் பெட்டிக்கு வைத்த குங்குமம்

"ஹலோ... ஹலோ! சார், கைலாசம் பேசறேன், காஞ்சிபுரம் ஆபீஸ்லேர்ந்து... கைலாசம் சார், உங்க கிளார்க்கு!... ஆமா சார், ஆமா. கூரம் பள்ளிக்கூடத்துக் கூரை டெண்டர் தொறந்தாச்சு. அதுலதான் ஒரு சிக்கல்..."

பட்டணத்துக்குக் கூட்டத்துக்குப் போயிருந்த அதிகாரியை டிரங்காலில் பிடிக்கவே ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. வராந்தாவில் காண்ட்ராக்டர்கள் முடிவுக்காகக் காத்திருந்தார்கள். கிடைத்த லைனிலும் ஒரே இரைச்சல். கைலாசமோ நாலு தறி ஓடும் வீட்டில் பிறந்தவர். சாதாரணமாகப் பேசினாலே நாலு வீட்டுக்குக் கேட்கும். இப்போது தொண்டை கிழியக் கத்தினார்.

"கவரா? அஞ்சு சார். கூடவே ஒம்பது ரூபா சில்லறை, ரெண்டு மஞ்சத்துணி முடிச்சு, ஒரு வெள்ளிக் கண்மலர்... கண்மலர் சார்! சாமிக்குச் சாத்துறது!... ஐயோ, குடிக்கல சார். சத்தியமா இல்ல!"

இனி மறைத்துப் பயனில்லை.

"தப்பு என்னுதுதான் சார். ஆயுத பூஜைக்கு டைப்ரைட்டர், பீரோ எல்லாத்துக்கும் குங்குமம் வெச்சேனா... வூட்டுல தறிக்கு வெச்சுப் பழகின கை, வராந்தாவுல இருந்த டெண்டர் பெட்டிக்கும் வெச்சுட்சு... ஆமா சார், மாலையும்தான். போறவங்க வர்றவங்க உண்டியல்னு நெனச்சுக்கினு... ஆமா சார்... ஆமா சார்... முட்டாள்தான் சார்."

திட்டு முடியும்வரை காத்திருந்தார். பாவம், அது பழக்கம்தான்.

"கம்மி யாருதா? தேவசகாயம் மேஸ்திரிது சார். காண்ட்ராக்டர் கோதண்டபாணி ரேட்டைவிட ஆயிரத்து எரநூறு கம்மி... இல்ல சார், ரெண்டு தபா பார்த்துட்டேன்... ரத்தா? எதுக்கு சார் ரத்து?... குங்குமத்துக்கா?"

ரத்தானால் மறு டெண்டருக்குத் தை மாதம் ஆகிவிடும். கூரை விழுந்த பள்ளிக்கூடத்தில் குழந்தைகள் இந்த ஐப்பசி மழையிலும் நனைய வேண்டும், அதுவும் இவர் வைத்த ஒரு பொட்டுக்காக.

"வேணாம் சார்! பசங்க பலகைய தலையில கவுத்துக்கினு ஒக்காந்திருக்குது சார்!... சரி, ரத்துன்னா ரூல்படி ஒண்ணு கேக்கறேன். பெட்டியில இருக்கிற ஒவ்வொரு காகிதத்தையும் எல்லார் முன்னாடியும் படிக்கணும் இல்ல? வேண்டுதல் சீட்டு ஒண்ணு இருக்குது... கிழிச்சுடவா? அதுல டெண்டர் விஷயம் எழுதியிருக்குதே சார்... கோதண்டபாணி சம்சாரம். கைராசின்னு அந்தம்மா கையிலதான கவர் குடுத்தனுப்புவாரு. குங்குமத்தப் பார்த்ததும் இதையும் சேர்த்துப் போட்டிருக்காங்க... புருஷன் பேர எழுதல சார், மரியாதையான பொம்பள. கீழ 'அம்சவேணி'ன்னு கையெழுத்து மட்டும்தான்... படிக்கறேன் சார். கேக்குதா?... கேக்கலையா? இப்ப?"

நெஞ்சு நிறைய மூச்சு இழுத்துக்கொண்டார்.

"'தாயே! எங்க வூட்டுக்காரர் சொன்னபடியே மத்த மூணு காண்ட்ராக்டரும் ரேட்டைக் கூட்டி எழுதணும். யாரும் மனசு மாறக்கூடாது. தேவசகாயம் கவர் மட்டும் எப்பிடியாவது தள்ளிப்போவணும்'... இருங்க சார், இன்னும் ரெண்டு வரிதான். 'ஆபீசர் வூட்டம்மாவுக்கு எடுத்துக் குடுத்த அரக்கு கோர்வைப் புடவை அவங்களுக்குப் பிடிச்சிருக்கணும்'... எந்த ஆபீசர்னு போடல சார். கொலுவுக்கு உங்க வூட்டம்மாகூட அரக்கு கலர்தான கட்டிக்கினு... ஹலோ? சார்?... ஹலோ!"

லைன் போய்விட்டது.

சீட்டை எடுத்துக்கொண்டு, ரூல்படி எல்லார் முன்னாடியும் படிக்கத் திரும்பினார் கைலாசம். ஜன்னல் கம்பிகளுக்கு வெளியே தலைகள் முண்டியடித்துக்கொண்டிருந்தன. மற்ற மூன்று காண்ட்ராக்டர்களும் தரையைப் பார்த்தார்கள். தேவசகாயம் மேஸ்திரி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தெருக்கோடியில் ஓடிக்கொண்டிருந்தார் கோதண்டபாணி.

கைலாசம் சீட்டை மடித்து வைத்துவிட்டுப் பதிவேட்டில் எழுதினார்: "அனைவர் முன்னிலையிலும் உரக்க வாசிக்கப்பட்டது."